எக்ஸ்போசிட்டோ: தொட்டிலில் விடப்பட்ட குழந்தைகளுக்கு ஸ்பெயின் வைத்த குடும்பப்பெயர்... இன்று அந்தப் பெயரோடு இருப்பவர்கள் யார் யார்?

நெட்ஃப்ளிக்ஸில் 'எலீட்' தொடர் பார்த்தவர்களுக்கு எஸ்தர் எக்ஸ்போசிட்டோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கார்லா என்ற பணக்கார வீட்டுப் பெண்ணாக வந்து உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்த்தவர். 'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கோ ஜியான்கார்லோ எஸ்போசிட்டோவைத் தெரியும். சிக்கன் கடை முதலாளி வேஷத்தில் போதைப்பொருள் சாம்ராஜ்யத்தையே நடத்தும் கஸ் ஃப்ரிங், அவர்தான்.

இவர்கள் இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை. எஸ்தர் 2000-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். ஜியான்கார்லோ 1958-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், நேப்பிள்ஸ்காரரான இத்தாலியத் தந்தைக்கும், ஓபரா பாடகியான ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவர். ஆனால் இருவரின் குடும்பப்பெயரும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'எக்ஸ்போசிட்டுஸ்' என்பது அந்தச் சொல். 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று அர்த்தம்.

யார் வெளியே வைத்தார்கள்? எங்கே வைத்தார்கள்? அங்கேதான் இந்தப் பெயரின் கதை ஆரம்பிக்கிறது.

சுவருக்குள் சுழலும் பெட்டி

பழைய ஸ்பெயினில் ஒரு பெண்ணுக்கு வளர்க்க முடியாத சூழ்நிலையில் குழந்தை பிறந்தால், அவர் முன் இருந்த வழிகள் மிகக் குறைவு. கல்யாணமாகாமல் பிறந்த குழந்தை என்றால் ஊர் விடாது. கல்யாணமானவர்களுக்கும் வறுமை இருந்தது. ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு வாய்க்குச் சோறு போட முடியாமல் விட்டவர்கள் ஏராளம். கோயில் வாசலிலும் மடங்களின் படியிலும் குழந்தையை வைத்துவிட்டுப் போவார்கள். இரவுக் குளிரிலோ நாய்களாலோ அந்தக் குழந்தை இறந்துபோவதும் நடந்தது.

இதைத் தடுக்கத்தான் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்கள் வந்தன. மாட்ரிட்டில் 16-ம் நூற்றாண்டில் தொடங்கிய இல்லத்தின் பெயர் இன்க்லூசா. நெதர்லாந்தின் எங்க்ஹைசன் என்ற ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மாதா படம் அங்கே இருந்ததாம். அந்த ஊர்ப் பெயர் மாட்ரிட் மக்களின் வாயில் நுழையாமல் 'இன்க்லூசா' ஆகிவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிறகு நாட்டில் எந்த ஊரில் இப்படி ஓர் இல்லம் இருந்தாலும் அதை 'இன்க்லூசா' என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த இல்லங்களில் 'தோர்னோ' என்ற ஓர் ஏற்பாடு இருந்தது. சுவரில் பதித்த மர உருளை, பாதி திறந்திருக்கும். தெருப்பக்கம் நின்று குழந்தையை அதற்குள் வைத்து, ஒரு சுற்று சுற்றினால் குழந்தை உள்ளே போய்விடும். மணியடித்தால் உள்ளே இருப்பவர் வந்து எடுத்துக்கொள்வார். விட்டவர் முகத்தை எடுத்தவர் பார்க்க மாட்டார். யார், எந்த ஊர், ஏன் என்று ஒரு கேள்வியும் கிடையாது. கேள்வி கேட்டால் ஆள் வர மாட்டார்கள், குழந்தை மறுபடியும் தெருவுக்குத்தான் போகும் என்ற கணக்கு.

குழந்தையோடு சில நேரம் ஒரு துண்டுச் சீட்டும் வரும். ஞானஸ்நானம் ஆகிவிட்டதா, என்ன பெயர் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். சிலர் ஒரு ரிப்பன், ஒரு சின்னப் பதக்கம் என்று அடையாளம் வைத்தார்கள். நிலைமை சரியானால் திரும்பி வந்து கேட்கலாம் என்ற எண்ணம்தான். அப்படி வந்து வாங்கிப் போனவர்களும் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான்.

உள்ளே போன குழந்தை பிழைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. பாலூட்டும் பெண்கள் போதவில்லை. ஒரே பெண் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. சம்பளம் பேசி கிராமத்துப் பெண்களிடம் அனுப்பி வைத்தார்கள், அந்தச் சம்பளமும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 18-ம் நூற்றாண்டில் இந்த இல்லங்களுக்கு வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் சில வருடங்களுக்குள்ளேயே இறந்துபோனார்கள். ஆக, இந்தக் குடும்பப்பெயரோடு இன்று ஒருவர் இருக்கிறார் என்றால், அந்தப் பாதியில் அடங்காத ஒரு குழந்தையின் வம்சத்தில் வந்தவர் அவர்.

குடும்பமே இல்லாதவருக்குக் குடும்பப்பெயர் எப்படி?

இதைப் புரிந்துகொள்ள ஸ்பெயின்காரர்கள் பெயர் வைக்கும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் முழுப்பெயர் ரஃபேல் நடால் பரேரா. நடால் அப்பா வழி, பரேரா அம்மா வழி. ஓவியர் பிக்காசோவின் அப்பா பெயர் ரூயிஸ். பிக்காசோ என்பது அவருடைய அம்மாவின் குடும்பப்பெயர். கல்யாணமானால் பெண்ணின் பெயர் மாறுவதும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்பது கடைசி வரை பெயரிலேயே நிற்கும்.

அப்படிப்பட்ட நாட்டில், அப்பா அம்மா யாரென்றே தெரியாத குழந்தையின் பதிவேட்டில் இரண்டு இடங்களும் காலியாக இருந்தால்? அந்த இடத்தை நிரப்பத்தான் 'எக்ஸ்போசிட்டோ'. முதலில் அது பெயரே இல்லை, ஒரு குறிப்பு. 'ஹுவான், கைவிடப்பட்டவன்' என்று எழுதியது கொஞ்சம் கொஞ்சமாக 'ஹுவான் எக்ஸ்போசிட்டோ' ஆனது. ஹுவான் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றபோது அந்தக் குறிப்பு பிள்ளைக்கும் போனது. அந்தப் பிள்ளையை யாரும் கைவிடவில்லை, அப்பா அம்மா இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் பள்ளியில் பெயர் கூப்பிட்டதும் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

எல்லா ஊரிலும் இதே பெயர் வைக்கவில்லை. சில இடங்களில் 'தெ லா க்ரூஸ்' (சிலுவையின்), 'சான் ஹோசே', 'சாந்தா மரியா' போன்ற பக்திப் பெயர்கள். கேட்டலோனியாவில் 'தெவுலோஃபெவு' என்று ஒரு பெயர் உண்டு. 'கடவுள் அவனைப் படைத்தார்' என்று அர்த்தம். அதுவும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயராகவே கருதப்படுகிறது. பார்சிலோனா, எவர்டன், உதினேசே அணிகளில் ஆடிய ஜெரார்ட் தெவுலோஃபெவுவின் ஜெர்சியில் கால்பந்து ரசிகர்கள் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். இந்தப் பக்திப் பெயர்கள் உள்ள எல்லாருமே அப்படி வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு வழிகளிலும் அந்தப் பெயர்கள் வந்திருக்கின்றன. 'எக்ஸ்போசிட்டோ' விஷயத்தில் மட்டும் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

கியூபாவில் ஒரு பிஷப் செய்த காரியம்

அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த கியூபாவில் வேறு மாதிரி நடந்தது. ஹவானாவில் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் ஆரம்பித்தவர் பிஷப் ஹெரோனிமோ வல்தெஸ். அங்கே வரும் குழந்தைகளுக்கு என்ன பெயர் என்ற கேள்வி வந்தபோது, அவர் தன்னுடைய குடும்பப்பெயரையே கொடுத்தார். அவர் இறந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. அந்த இல்லத்துக்குள் வந்த குழந்தை வல்தெஸ் ஆகத்தான் வெளியே போனது.

இதில் ஒரு வசதி இருந்தது. வல்தெஸ் என்பது ஸ்பெயினில் ஏற்கெனவே இருந்த, மதிப்பான பெயர். எந்த வல்தெஸ் அந்த இல்லத்துப் பிள்ளை, எந்த வல்தெஸ் சாதாரணக் குடும்பம் என்று பெயரை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஹவானாவில் எல்லாருக்கும் கதை தெரியும் என்பதால் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. கியூபாவின் புகழ்பெற்ற நாவலான 'செசிலியா வல்தெஸ்' கதாநாயகிக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த இல்லத்தின் வழியாகத்தான். சிரிலோ வில்லவெர்தே எழுதிய அந்தக் கதையில், தன் அப்பா யார் என்று தெரியாமல் வளரும் செசிலியா, அதே அப்பாவின் மகனைக் காதலிக்கிறாள்.

கதைக்கு வெளியே, நிஜத்திலும் ஒருவர் இருந்தார். 'பிளாசிடோ' என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர் கப்ரியேல் தெ லா கொன்செப்சியோன் வல்தெஸ். 1809-ல் பிறந்தவர். அம்மா ஸ்பெயினிலிருந்து வந்த நடனக்காரர், அப்பா கலப்பினத்தைச் சேர்ந்த முடிதிருத்துபவர். பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்த இல்லத்தில் விடப்பட்டார். பிறகு அப்பா வீட்டார் எடுத்து வளர்த்தார்கள், பெயர் மட்டும் வல்தெஸ் என்றே நின்றது. சீப்பு செய்து பிழைத்துக்கொண்டே கவிதை எழுதினார். அடிமைகளின் கிளர்ச்சிச் சதியில் பங்கு இருந்ததாகக் குற்றம்சாட்டி, 1844 ஜூன் 28-ல் மத்தான்சாஸ் நகரில் ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக்கொன்றது.

இன்று வல்தெஸ் என்றால் இசை ரசிகர்களுக்கு நினைவுக்கு வருபவர்கள் பியானோ மேதைகளான பெபோ வல்தெஸும் அவர் மகன் சூச்சோ வல்தெஸும். அவர்கள் மூதாதையர் பிஷப்பின் இல்லத்திலிருந்து வந்தவர்களா? பெயர் அதைச் சொல்லாது. பிஷப் விரும்பியதும் அதுதான் போல.

அரசர் போட்ட உத்தரவு

சரி, ஸ்பெயினுக்கே திரும்புவோம். அங்கே 'எக்ஸ்போசிட்டோ' என்ற பெயர் வெறும் கேலிப்பேச்சோடு நிற்கவில்லை, பிழைப்பிலும் கைவைத்தது. பல தொழில் சங்கங்களிலும், கல்லூரிகளிலும், திருச்சபைப் பதவிகளிலும் சேர நல்ல வம்சத்தில், முறையான திருமணத்தில் பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். தோர்னோவில் வந்தவர் எதைக் கொண்டுபோய் நிரூபிப்பார்?

1794 ஜனவரியில் அரசர் நான்காம் கார்லோஸ் ஓர் உத்தரவு போட்டார். அந்தக் காலத்துக்கு அது ஆச்சரியமான உத்தரவுதான். பெற்றோர் தெரியாத குழந்தைகள் எல்லாரையும், சட்டப்படியான விஷயங்களில், முறையாகப் பிறந்தவர்களாகவே கருத வேண்டும் என்றது. பெற்றோர் யாரென்றே தெரியாதபோது, தப்பான வழியில் பிறந்தவர் என்று முடிவு கட்ட யாருக்கும் உரிமை இல்லை என்பது அதன் வாதம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் அதில் கவனிக்க வேண்டியவை. ஒன்று, கைவிடப்பட்டவர்களைப் பிறப்பைச் சொல்லித் திட்டினால் அது குற்றம். திட்டியவர் நீதிமன்றத்தில் வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். இரண்டு, இவர்கள் குற்றம் செய்தால் சாட்டையடி, தூக்கு, ஊரறிய அவமானப்படுத்துவது போன்ற தண்டனைகள் கூடாது. உயர்குடியினருக்கு என்ன தண்டனையோ அதேதான். ஏன் இந்தச் சலுகை? அந்தக் குழந்தை ஏதோ ஒரு பிரபுவின் பிள்ளையாக இருந்துவிட்டால்? அரண்மனையின் யோசனை அப்படிப் போனது! இரக்கம் பாதி என்றால் எச்சரிக்கை பாதி.

உத்தரவு எல்லாம் சரி, பெயர்? அது அப்படியேதான் இருந்தது.

அம்மைத் தடுப்பூசியைக் கடல் கடத்திய பிள்ளைகள்

இந்த உத்தரவு வந்து 10 வருடம்கூட ஆகாத நேரத்தில், இதே மாதிரிப் பிள்ளைகளை வைத்து ஸ்பெயின் ஒரு பெரிய வேலை செய்தது. பெரியம்மை அமெரிக்கக் காலனிகளில் ஆயிரக்கணக்கில் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் ஃபிரிட்ஜ் இல்லாத காலம். மாதக்கணக்கில் நடக்கும் கடல் பயணத்தில் மருந்து கெட்டுப்போகும்.

மருத்துவர் பிரான்சிஸ்கோ ஹாவியர் தெ பல்மிஸ் சொன்ன வழி இதுதான்: மருந்தைக் குழந்தைகளின் உடம்பிலேயே கொண்டுபோவது. இரண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டும். சில நாளில் கையில் கொப்புளம் வரும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த இரண்டு பேருக்கு. இப்படியே கரை சேரும் வரை சங்கிலி அறுந்துபோகக் கூடாது. அம்மை வராத, தடுப்பூசி போடாத பிள்ளைகள்தான் இதற்கு வேண்டும். பெற்றவர் யாராவது பிள்ளையைக் கொடுப்பார்களா? அதனால் ஆதரவற்றோர் இல்லங்களுக்குப் போனார்கள்.

1803 நவம்பர் 30-ல் ஆ கொருன்யா துறைமுகத்திலிருந்து 'மரியா பீட்டா' கப்பல் கிளம்பியபோது அதில் 22 சிறுவர்கள். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரை. அவர்களில் பலருக்கு ஆவணங்களில் ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடவே போனவர் ஆ கொருன்யா இல்லத்தின் பொறுப்பாளர் இசபெல் சென்டால். அவர் மகன் பெனிட்டோவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இசபெலின் குடும்பப்பெயரையே ஆவணங்களில் ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

சங்கிலி அறுபடவில்லை. கரீபியன், வெனிசுலா, கியூபா, மெக்சிகோ என்று தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. 1805-ல் மெக்சிகோவிலிருந்து வேறு 26 சிறுவர்களோடு பிலிப்பைன்ஸுக்கும் போனார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த பிள்ளைகள் மெக்சிகோவிலேயே தங்கவைக்கப்பட்டார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது ஸ்பெயின் ராணுவம் தன் நிவாரணப் பணிக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் பல்மிஸ்'. அதே வருடக் கடைசியில் மாட்ரிட்டில் திறந்த பெருந்தொற்று மருத்துவமனைக்கு இசபெல் சென்டால் பெயர்.

அர்ஜென்டினாவில் அச்சகத்துக்கும் அதே பெயர்

புவெனஸ் அயர்ஸில் 1779-ல் வைஸ்ராய் வெர்திஸ் ஓர் இல்லம் தொடங்கினார். நடத்தப் பணம் வேண்டுமே! கோர்தோபா நகரில் ஏசு சபையினர் விட்டுச்சென்ற ஓர் அச்சு இயந்திரம் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து, வரும் லாபம் குழந்தைகளுக்கு என்று 1780-ல் அச்சகம் ஆரம்பித்தார். 'கைவிடப்பட்ட குழந்தைகளின் அச்சகம்' என்பதுதான் அதன் பெயர். 1810-ல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தபோது, மரியானோ மொரேனோ தொடங்கிய 'கசெட்டா தெ புவெனஸ் அயர்ஸ்' பத்திரிகை அங்கேதான் அச்சானது. முதல் இதழ் வந்த ஜூன் 7-ம் தேதியைத்தான் அர்ஜென்டினா இன்றும் பத்திரிகையாளர் தினமாகக் கொண்டாடுகிறது.

அதே நாட்டில் இந்தக் குடும்பப்பெயரை எல்லாரும் பாட்டில் கேட்கும்படி செய்தவர்கள் எக்ஸ்போசிட்டோ சகோதரர்கள். அண்ணன் ஓமேரோ, 1918-ல் பிறந்தவர், பாடலாசிரியர். தம்பி விர்ஹிலியோ, 1924-ல் பிறந்தவர், இசையமைப்பாளர். ஓமேரோ என்றால் ஹோமர், விர்ஹிலியோ என்றால் விர்ஜில். உலகின் ஆதிகவிகள் இரண்டு பேரின் பெயரையும் பிள்ளைகளுக்கு வைத்த வீட்டில், பின்னால் வரும் குடும்பப்பெயர் எக்ஸ்போசிட்டோ! 1944-ல் இருவரும் சேர்ந்து தந்த 'நரான்ஹோ என் ஃப்ளோர்' (பூத்த ஆரஞ்சு மரம்) டாங்கோ இசையின் நிலையான பாடல்களில் ஒன்று.

இத்தாலியில் எஸ்போசிட்டோ

நேப்பிள்ஸில் அனுன்சியாட்டா தேவாலயத்தை ஒட்டி இதேபோல் ஒரு சுழல் பெட்டி இருந்தது. 1875-ல்தான் அதை மூடினார்கள். அங்கே வந்த குழந்தைகளால் எஸ்போசிட்டோ இன்று இத்தாலியின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் ஒன்று. நேப்பிள்ஸில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். 1889-ல் ராணி மார்கரிட்டாவுக்காகப் பீட்சா செய்தார் என்று சொல்லப்படும் ரஃபாயேலே எஸ்போசிட்டோவும் அந்த ஊர்தான். (அந்தப் பீட்சா கதை எவ்வளவு நிஜம் என்பதில் வரலாற்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. அது தனிக்கதை.) அங்கிருந்து கப்பலேறியவர்களோடு பெயர் வட அமெரிக்காவுக்கும் போனது. ஐஸ் ஹாக்கி ஜாம்பவான்களான ஃபில், டோனி எஸ்போசிட்டோ சகோதரர்கள் கனடாக்காரர்கள்.

பெயரை மாற்றலாமா?

மாற்றலாம். 1921-ல் ஸ்பெயினில் இதற்கென்றே சட்டம் வந்தது. அவமானமாக நினைப்பவர்கள் 'எக்ஸ்போசிட்டோ'வை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. 1957-ன் குடிமைப் பதிவுச் சட்டமும், பிறப்பு தெரியாததைக் காட்டிக்கொடுக்கும் பெயர் என்று இதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாற்ற வழி வைத்தது. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. இனிமேல் பெற்றோர் தெரியாத குழந்தைக்குப் பதிவாளர் ஊரில் சாதாரணமாக வழங்கும் குடும்பப்பெயர்களைத்தான் வைக்க வேண்டும். கார்சியா, லோபெஸ் என்று யாருக்கும் எதையும் காட்டிக்கொடுக்காத பெயர்.

நிறையப் பேர் மாற்றிக்கொண்டார்கள். மாற்றாதவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எஸ்பான்யோல் அணியின் நடுக்கள வீரர் எடு எக்ஸ்போசிட்டோவின் முதுகில் அந்தப் பெயர் இருக்கிறது. எஸ்தர் எக்ஸ்போசிட்டோ சினிமாவுக்கு வந்தபோதும் வேறு பெயர் தேடவில்லை. இன்றைய ஸ்பெயின் இளைஞர்களில் பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் ஞாபகம் வருவது அவர் முகமாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். ஒருவர் எக்ஸ்போசிட்டோ என்றால் அவரைக் கைவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, அவர் தாத்தாவைக் கைவிட்டார்கள் என்றும் இல்லை. பெரும்பாலும் அப்பா வழியில் பின்னோக்கிப் போனால், எங்கோ ஒரு தலைமுறையில், ஒரே ஒரு குழந்தை தோர்னோவில் வந்திருக்கும். நூறு வருடமாக இருக்கலாம், முந்நூறாகவும் இருக்கலாம். பெயர் ஆண் வழியில் மட்டும் நிலைத்ததால், அதே குழந்தையின் பேத்திகள் வழியாக வந்த எத்தனையோ பேர் இன்று வேறு பெயர்களில் இருக்கிறார்கள், விஷயமே தெரியாமல். 1999-க்குப் பிறகு பெற்றோர் விரும்பினால் அம்மாவின் குடும்பப்பெயரை முதலில் வைக்கலாம் என்று சட்டம் மாறியது. அதனால் இனி பெண்கள் வழியாகவும் எக்ஸ்போசிட்டோ தொடரலாம், அல்லது அங்கேயே நிற்கலாம்.

தங்கள் பரம்பரையைத் தேடிப் போகும் எக்ஸ்போசிட்டோக்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மற்ற ஸ்பெயின்காரர்களுக்குத் தேவாலயப் பதிவேட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று வரிசையாகக் கிடைக்கும். இவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது இல்லத்தின் வரவுப் பதிவேட்டில் உள்ள சில வரிகள். குழந்தை வந்த தேதி, இரவு எத்தனை மணி, என்ன துணி சுற்றியிருந்தது, கூடச் சீட்டு ஏதாவது இருந்ததா என்பதுதான். அதற்கு முந்தைய பக்கத்தில் வேறொரு குழந்தை இருக்கும்.